அளவுச் சட்டை

என் நாத்தனார் செத்துத் தெய்வமானவள். பெயர் பொன்மணி. நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல் போய்விட்டாள். எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் அப்படிக் கன்னியாகச் செத்தவளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவார்கள். தி. நகரில் பாத்திரக்கடை வைத்து ஐம்பது வருஷம் ஆகியும் அது மாறவில்லை. பூஜை அறையில் அவளுக்கென்று ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் பாவாடை, சட்டை, தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன். தை மாதக் கடைசி வெள்ளியன்று பெட்டியைத் திறந்து படையல் போட்டு, பழைய துணியைக் குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு உடுத்திவிட்டு, புதுசை உள்ளே வைக்க வேண்டும். அந்தப் புதுசைத் தைத்துக் கொடுக்கிற வேலை இருபத்துநாலு வருஷமாக என்னுடையது.

தெய்வத்துக்கு யார் போய் அளவெடுப்பது? அதற்காகக் கல்யாணமான முதல் தையிலேயே என் மாமியார் ஒரு மஞ்சள் சட்டையை என் கையில் கொடுத்தாள். பொன்மணி கடைசியாகப் போட்டது. டெய்லரிடம் அதைக் கொடுத்து, அதே அளவில் தைத்து வாங்கி, அதை மட்டும் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். மிகவும் சின்னச் சட்டை. ஏன் இவ்வளவு சின்னது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? இல்லை. அம்மன் சிலைக்குப் பாவாடை சின்னதாகத்தானே தைக்கிறார்கள், அதுமாதிரி என்று இருந்துவிட்டேன். சாமி துணியை விரித்துப் பார்த்து ஆராய்ச்சி பண்ணுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

என் பெயர் தங்கபுஷ்பம். என் வாயைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு என் மகள் தாரணிக்குத் துணி எடுக்கப் போனோம். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. சுடிதாரைப் போட்டுப் பார்த்தாள், ஜிப் ஏறவில்லை. "மூணு வேளையும் எருமை மாதிரி தின்னா எங்கேருந்துட்டி ஏறும்?" என்றேன். துணி எடுத்துக் காட்டிய பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஊரில் எந்த அம்மா இதைச் சொல்லவில்லை?

ஆனால் அந்தத் தீபாவளியிலிருந்துதான் அவள் சாப்பாடு குறைந்தது. முதலில் பட்சணம், பிறகு ராத்திரிச் சாப்பாடு, பிறகு சோறே வேண்டாம் என்றாள். ஒரு தோசையை முக்கால் மணி நேரம் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாத விலக்கு நின்றுபோனது. வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் குளிருகிறது என்று ஸ்வெட்டர் போட்டாள். என் வீட்டுக்காரர் நல்லசிவம் சும்மா இருப்பாரா? "ஒன் வாய்தாம்ட்டி எம்புள்ளைய இப்படி ஆக்கிச்சு" என்று ஆரம்பித்தார். காலையில் பல் விளக்கும்போது சொல்வார். கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தால் சொல்வார். அவருடைய அண்ணன் சுயம்புலிங்கம் அத்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் பங்குக்குச் சொல்வார். ஒருநாள் கறிவேப்பிலை கொண்டு வருகிறவள்கூட, "இன்னாம்மா, பொண்ணை ரொம்பத் திட்டிட்டியாமே?" என்று கேட்டாள்.

தாரணி பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகு, டீச்சர் சொல்லி, அடையாறில் டாக்டர் கீர்த்தியிடம் போனோம். மனநல டாக்டர் என்றதும் இவர் வாசலிலேயே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தமே போடாமல் பேசும். தாரணியிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டாள்.

"இது அடம் இல்ல, வியாதி. உயிருக்கே ஆபத்தான வியாதி. உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி இருந்திருக்கா? சாப்பாட்டை ஒதுக்குறது, ரொம்ப மெலிஞ்சு போறது? அத்தை, சித்தி, பாட்டி, யாரா இருந்தாலும் சொல்லுங்க."

"எங்க வீட்ல ஒருத்தரும் கிடையாது டாக்டர்" என்றார் இவர், கண் இமைக்காமல். பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ திட்டுனதுல வந்தது. வேற ஒண்ணுமில்ல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்து என்ன பண்ண? டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டாள். வாரம் ஒருமுறை கூட்டிக்கொண்டு வாருங்கள், எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்றாள். இரண்டு வாரம் போனோம். அப்புறம் பொங்கல் வியாபாரம் வந்தது, நின்றுவிட்டது.

அந்தத் தையில்தான் பெட்டி திறந்தோம். பழைய துணியை உடுத்த வேண்டிய பிள்ளை சுயம்பு அத்தானின் பேத்தி, ஒன்பது வயது. அவளுக்கு அம்மை போட்டிருந்ததால் வரவில்லை. "நான் போட்டுக்கட்டுமா?" என்று தாரணி கேட்டாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது எப்படிச் சேரும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவள் அறைக்குள் போய் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

சேர்ந்தது. கொக்கி எல்லாம் மாட்டி, தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அவளுக்கென்றே தைத்ததுபோல இருந்தது.

சுயம்பு அத்தான் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டார். "கன்னியே வந்து நிக்கா! பாத்தியளா, பொன்மணியே வந்து நிக்கா!" என்று அழுதார். மூன்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலும் சிறுபயறும் பழமும் குவிந்து கிடந்தன. அதற்குப் பின்னால் என் பிள்ளை, கழுத்தெலும்பில் ஒரு கைப்பிடி விபூதி நிற்கிற அளவுக்குக் குழி விழுந்து, நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! வெள்ளிக்கிழமை தோறும் ரங்கநாதன் தெருவிலிருந்தும் உஸ்மான் ரோட்டிலிருந்தும் கடைக்காரக் குடும்பத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தாரணி கையால் விபூதி வாங்கினால் கல்யாணம் கூடுகிறதாம், பிள்ளை நிற்கிறதாம். "புள்ள அன்னம் தண்ணி இல்லாம இருக்குதே, அது லேசான விரதமா?" என்றாள் ஒரு நகைக்கடை அம்மாள். நான் ஒரு டம்ளர் பாலோடு போனால், "கன்னி குடிக்க மாட்டா, கொண்டுபோ" என்று அத்தானே தடுத்தார். தாரணி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அந்த டம்ளரை அவர் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை, பாலைத் தொட்டியில் ஊற்றி டம்ளரைக் கழுவி வைத்தேன்.

வெள்ளிக்கு வெள்ளி உடுத்த அதே அளவில் இன்னும் இரண்டு செட் தைத்து வா என்று அத்தான் உத்தரவு போட்டார். மஞ்சள் சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு மெஹபூப் அலி கடைக்குப் போனேன். பாண்டி பஜாரின் பின்னால் சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே, ஒரே மிஷின் போட்ட கடை. இருபது வருஷமாகக் கன்னிக்குத் தைத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"இன்னாம்மா, இப்பத்தானே தெச்சிக்கினு போனே? அடுத்த வருசத்துக்கு இப்பவேவா?"

"இது சாமிக்கு இல்ல பாய். எம்பொண்ணுக்கு."

"உனுக்குச் சின்னப் பொண்ணு வேற கீதா?"

"ஒரே பொண்ணுதான். பதினேழு வயசு."

அவர் சட்டையை மேஜையில் விரித்தார். டேப்பை எடுத்து மார்பில் வைத்தார், தோளில் வைத்தார், மறுபடி மார்பில் வைத்தார்.

"இது பத்து வயசுக் கொயந்த அளவும்மா. பதினேழு வயசுப் பொண்ணு எப்படிப் போடும்?"

"போடுதாளே."

"இந்த அளவா? பொண்ணை ஆசுபத்திரில காட்டினியா?" டேப்பைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "உங்க ஊட்ல சின்னக் கொயந்த எதுவோ மவுத்தாப் போச்சு, அதுக்குத்தான்னு நெனச்சிக்கினு நானும் தெச்சிக்கினு இருந்தேன். செத்துப்போன பொண்ணுக்கு எத்தினி வயசு?"

"பத்தொம்பது."

"யா அல்லா" என்று சட்டையைத் தள்ளி வைத்துவிட்டார். "நான் தெக்கமாட்டேன்மா. நீ எட்த்துக்கினு போ."

அந்தப் படிக்குக் கீழேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பத்தொன்பது வயதில் பத்து வயது மார்பு. தாரணிக்கு எது வந்திருக்கிறதோ அதுதான் பொன்மணிக்கும் வந்திருக்கிறது. இருபத்துநாலு வருஷமாக ஒரு பட்டினிப் பிணத்துக்கு அளவு பிசகாமல் துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன் நான்.

நேராகக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டமில்லை. இவர் குத்துவிளக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டையை அவர் முன்னால் போட்டேன்.

"ஒங்க தங்கச்சி எப்படிச் செத்தா?"

"காய்ச்சல்ல. தெரிஞ்சதுதானே, இப்ப என்னத்துக்குக் கேக்க?"

"காய்ச்சலா? இந்தச் சட்டைக்குள்ள கையை விட்டுப் பாத்துச் சொல்லுங்க, காய்ச்சலா?"

கடைப் பையன்களை டீ குடிக்கப் போகச் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்தார், நின்றார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சோத்தைத் தொட மாட்டா. தட்டை வச்சா அழுவா. திருச்செந்தூருக்குக் கொண்டு போனோம், பேயோட்டிப் பாத்தோம், அடிச்சும் பாத்தோம். அம்மா வாயைப் பிளந்து ஊட்டுவா, துப்பிருவா. ரெண்டு வருசம். கடைசியில நானும் அண்ணனுமா கட்டிலோட தூக்கினோம், வெறும் கட்டில் மாதிரி இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வெளிய காய்ச்சல்னு சொன்னோம். வேற என்ன சொல்ல? எனக்குக் கீழ இன்னும் ரெண்டு பொட்டப்புள்ளைய இருந்துச்சு. சோறு திங்காமச் செத்த வீடுன்னா எவன் பொண்ணெடுப்பான்?"

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்தப் பெண் பொன்மணிக்காக அழுதேன் என்று சொல்லிவிடலாம். பொய். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று இருந்தது. என் வாய் இல்லை, இவர்கள் ரத்தம்! இரண்டு வருஷமாக என்னைக் கொலைகாரியாக்கி வைத்திருந்தார்கள், இப்போது சாட்சி என் கையில், மஞ்சள் கலரில், கொக்கியோடு இருக்கிறது. கடையை விட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இவரையும் வா என்றேன், வந்தார். தாரணியை வெளியே உட்கார வைத்திருக்கலாம். டாக்டரே கேட்டாள், "அவ வெளியில இருக்கட்டுமா?" என்று. நான்தான், "இருக்கட்டும் டாக்டர், அவளும் கேக்கட்டும்" என்றேன். என் மேல் பழியில்லை என்பதை அவளும் கேட்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

சட்டையை மேஜைமேல் வைத்துக் கதையைச் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. பேயோட்டியது, அடித்தது, வாயைப் பிளந்தது, கட்டில் கனக்காமல் போனது, எல்லாம் சொன்னேன். இவர் தலை குனிந்துகொண்டே போனது. அவர் குனியக் குனிய நான் நிமிர்ந்தேன்.

டாக்டர் சட்டையைத் தொடவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நாள் காத்திருக்க மாட்டேன் சார்" என்று இவரிடம் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துப் பேசினாள். "இந்த நோய்க்கான வாய்ப்புல ஏறக்குறைய பாதி ரத்தத்துல வருது. ஒரே ஒரு ஜீன் கிடையாது, எவ்வளவோ சேர்ந்து வேலை செய்யுது. சுகர், பிரஷர் எப்படி குடும்பத்துல வருதோ அப்படி. அம்மா ஒரு வார்த்தை சொன்னதுனால மட்டும் இந்த வியாதி வராது. எத்தனையோ வீட்ல எத்தனையோ சொல்றாங்க, எல்லாருக்குமா வருது?"

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றேன். "இவுகளுக்குக் காதுல விழட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "ரத்தத்துல இருந்தா வந்தே தீரும்னு அர்த்தமில்ல, வந்தா செத்தே போவாங்கன்னும் அர்த்தமில்ல. நிறையப் பேர் மீண்டு வர்றாங்க. அதனால ரெண்டு பக்கமும் தெரியணும். முக்கியமா, இதுலேருந்து மீண்டவங்க யாராவது சொந்தத்துல இருந்தா எனக்கு அவங்க வேணும். இவளுக்கு அவங்களைக் காட்டணும். நான் நூறு தடவை சொல்றதைவிட அது பெரிசு." பேனாவை எடுத்தாள். "அம்மா பக்கம் சொல்லுங்க. யாராவது?"

நான் சொன்னேன். "எங்க பக்கம் ஒருத்தரும் கிடையாது டாக்டர்."

பொய். என் கூடப் பிறந்த தங்கை செல்வரதி பாலவாக்கத்தில் இருக்கிறாள். அவளுக்கு இருபது வயதில் இதே கதை. எலும்பும் தோலுமாய்ப் போய், மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் ஒன்றரை வருஷம் காட்டி, விழுந்து எழுந்து பிழைத்தாள். இப்போது நாற்பத்திரண்டு வயது, இரண்டு பையன்கள், வீட்டில் டியூஷன் எடுக்கிறாள், கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடிப்பாள். என் கல்யாணம் முடிந்த புதிதில் நடந்தது அது. என் புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவள் தலையில் கை வைத்து நான் சத்தியம் வாங்கியிருந்தேன். மஞ்சள்காமாலை என்று இங்கே சொல்லிவைத்தேன்.

டாக்டர் கேட்ட அந்த நிமிஷம் செல்வரதியின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஜெயித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவர் தலையை நிமிர்த்தி, "பாத்தியா, ஒன் ரத்தமுந்தான்" என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது. அதனால் என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரே ஆளை வாய்க்குள்ளேயே போட்டு மென்று விழுங்கினேன்.

டாக்டர், 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

தாரணி இவரைப் பார்த்துக் கேட்டாள். "பொன்மணி அத்தை பத்தொம்பதுலதானே போனாங்க?"

"ஆமாம்மா."

"அப்ப எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றாள். அழவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ சொன்னாள். எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வரும்போது காரில், "உன் தப்பு இல்லம்மா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள் தாரணி. "என் தப்பும் இல்ல. அப்புறம் எதுக்கு எல்லாரும் என்னைப் படுத்துறீங்க? விட்ருங்க."

ரெண்டு வருஷமெல்லாம் ஆகவில்லை. பதினோரு நாள். கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்து கிடந்தாள். நாடித்துடிப்பு பாதிக்குப் பாதி இறங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் நேரே ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். அத்தான் அங்கேயும் விபூதியோடு வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன், தரையெல்லாம் விபூதி. அதைச் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது.

அப்போதாவது செல்வரதிக்குப் போன் பண்ணினேனா? இல்லை. மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், போடவில்லை. நாலாம் நாள் வேறு யாரோ சொல்லி அவளே வந்தாள். பிள்ளையை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். லிஃப்டிலிருந்து இறங்கி ஓடி வந்தவளை நான் நடைபாதையிலேயே மறித்தேன்.

"என்னக்கா இது? என்ன வியாதின்னு ஏன் எங்கிட்டச் சொல்லல? இத்தனை நாளாப் புள்ளையக் கண்ணுல காட்டல, கேட்டா சளின்னுதானே சொன்ன?"

"ரதி, உள்ள போயி எதுவும் சொல்லிராத."

"எதை?"

"ஒன் கதையை. இவுக உள்ள இருக்காக. அவுக ரத்தம்னு இப்பத்தான் நிரூபிச்சு வச்சிருக்கேன். நீ சொன்னா நம்ம ரத்தம்னு ஆயிரும்."

இதை ஒரு தாய் சொன்னாள். சொன்னது நான்தான். செல்வரதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் அடித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"செத்துக்கிட்டு இருக்கா அவ. ஒனக்கு யாரு ரத்தம்ங்கிறதா முக்கியம்? தள்ளு."

உள்ளே போனாள். இவர் இருந்தார், டாக்டர் கீர்த்தியும் வந்திருந்தாள். செல்வரதி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறித் தாரணி காலடியில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி தாரணி, இங்க பாரு. எனக்கும் இருந்துச்சு, இதே வியாதி. ஒன்னைவிட மோசமா இருந்தேன். முடியெல்லாம் கொட்டி வழுக்கையா இருந்தேன்."

தாரணி கண்ணைத் திறந்தாள். "சும்மா சொல்றீங்க."

"போட்டோ இருக்கு, காட்டுதேன். ஒன்றரை வருசம் ஆச்சு எந்திரிக்க. ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் அழுதேன், தெரியுமா?"

"நீங்க சாகலையா?"

"செத்தா எப்படிட்டி இங்க வந்து உக்காந்திருப்பேன்? வர்ற வழியில ரெண்டு வடை தின்னுட்டு வாரேன், மோந்து பாக்கியா?"

தாரணி சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. கையை நீட்டி சித்தியின் முழங்கையைத் தொட்டாள். அந்தச் சதையை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். நான் கதவோரத்தில் நின்றேன்.

"ஏன் சித்தி இத்தனை நாளா எங்கிட்டச் சொல்லல?"

செல்வரதி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

செல்வரதி நிமிர்ந்து கதவோரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். அவள் பேச வேண்டிய தேவை இல்லை. இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பயந்துகொண்டிருந்த அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. டாக்டர் தன் பைலைத் திறந்து, 'இல்லை' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு இழுத்து அடித்தாள். தாரணி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று டாக்டர் அறையில் நான் 'ஒருத்தரும் கிடையாது' என்று சொன்னபோது அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், என் வாயைப் பார்த்துக்கொண்டு. அதை அவள் மறந்திருக்க மாட்டாள்.

"இவங்களை வெளிய போகச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

அன்று ராத்திரி மூக்கில் போட்ட குழாய் இல்லாமல் அரை டம்ளர் கஞ்சி குடித்தாளாம். செல்வரதியும் பக்கத்தில் உட்கார்ந்து அதே கஞ்சியை அதே டம்ளரில் குடித்தாளாம். எனக்கு இதெல்லாம் இவர் வந்து சொன்னது.

ஒரு மாதம் கழித்துத் தாரணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாலவாக்கத்துக்குப் போய்விட்டாள். டாக்டர்தான் அனுப்பினாள். "கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்மா, உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இல்ல" என்றாள். குற்றம் சொல்லியிருக்கலாம். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது. அத்தான் என்னோடு பேசுவதில்லை. இவர் பேசுகிறார், கடைக்கு நேரமாகிறது, குடை எங்கே, இப்படி. 'ஒன் வாய்தாம்ட்டி' என்று இப்போதெல்லாம் சொல்வதே இல்லை. அதற்காக நான் எவ்வளவு பாடுபட்டேன்!

வாரத்துக்கு ஒரு தடவை இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது, மறுபடி பரீட்சை எழுதப்போகிறாள் என்பார். நான் வரட்டுமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்பேன். "கேட்டுச் சொல்லுதேன்" என்பார். கேட்டுச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். வாயே திறக்கக் கூடாது என்று சாமி மேல் ஆணை வைத்துக்கொண்டுதான் போனேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. காலை எட்டரை மணி. செல்வரதி வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது. உள்ளே சாப்பாட்டு மேஜை. தாரணி தலையைக் குனிந்து இட்லியைச் சாம்பாரில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயில் போட்டாள், மென்றாள், விழுங்கினாள். நான் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து!

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் விட்டுக் கை கழுவுகிற சத்தம் கேட்டது.

செல்வரதி வெளியே வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

"யக்கா, போயிரு."

"நான் வாயே திறக்கலையேடி."

"தெரியும். ரெண்டு இட்லி வச்சேன், ஒண்ணரை உள்ள போயிருந்துச்சு. போயிரு யக்கா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

போய்விட்டேன். ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் நடந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, கால் மணி நேரம் பொறுத்து, அவளுக்குப் போன் போட்டேன்.

"ரதி, மிச்சத்தைச் சாப்பிட்டாளா?"

"மாடிக்குப் போயி, நீ தெருவுல இருக்கியான்னு எட்டிப் பாத்துட்டு வந்தா" என்றாள் செல்வரதி. "இப்பச் சாப்பிடுதா."